'செட்' என்ற ஒரு சொல், எத்தனை வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிபன் கடை முதல் ஐகோர்ட் வரை சென்னையில் 'செட்' புழங்காத இடம் இல்லை. ஆங்கிலம் பேசப் பழகுகிறவர்கள், வீடு கட்டுகிறவர்கள், பைக் ரிப்பேருக்கு அலைகிறவர்கள், கோடிங் படிக்கிறவர்கள் என்று பலரும் இந்தச் சொல்லைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

ஒரே சொல்லுக்கு ஏன் இவ்வளவு பொருள்?

உண்மையில் இவை இரண்டு சொற்கள். காலப்போக்கில் ஒலி ஒன்றாகிப்போனதால் ஒரே சொல்லாகத் தெரிகின்றன.

முதலாவது வினைச்சொல். 'சிட்' என்றால் உட்கார். அதன் பிறவினைதான் 'செட்'. தமிழில் அமர், அமர்த்து என்று வருகிறதே, அதே உறவு. ஆகவே வினையாக வரும் 'செட்' எதையோ ஓரிடத்தில் அமர்த்துகிறது, நிலைநிறுத்துகிறது. அலாரத்துக்கு நேரம் குறிப்பது, விலை நிர்ணயிப்பது, கேள்வித்தாள் தயாரிப்பது, உடைந்த எலும்பைச் சேர்த்துப் பொருத்துவது எல்லாம் இந்த வேரிலிருந்து வந்தவை. சூரியன் 'செட்' ஆவதும் இதே குடும்பம்தான். கீழே போய் அமர்கிறது.

இரண்டாவது பெயர்ச்சொல். லத்தீனில் 'செக்தா' என்றால் ஒருவரைப் பின்பற்றுகிறவர்களின் கூட்டம். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'ஒன்றாகச் சேர்ந்தவை' என்ற பொருளைப் பெற்றது. சமயப் பிரிவைக் குறிக்கும் 'செக்ட்' இதன் உடன்பிறப்பு. டின்னர் செட், நகை செட், ஸ்பானர் செட் எல்லாம் இந்தப் பக்கம்.

புதிய வாக்கியம் ஒன்றில் 'செட்' வந்து குழப்பினால், எதையாவது நிலைநிறுத்துகிறார்களா, அல்லது சேர்ந்திருக்கும் ஒரு கூட்டத்தைச் சொல்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலான இடங்களில் பொருள் பிடிபட்டுவிடும். பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இது நல்ல வழி.

ஆங்கிலத்திலேயே அதிகப் பொருள் கொண்ட சொல் இதுதானா?

நெடுங்காலம் அப்படித்தான் சொன்னார்கள். 1989-ல் வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்'. வினையாக மட்டும் 430 பொருள்கள். பிறகு நடந்த திருத்தப் பணியில் 'ரன்' 645 பொருள்களோடு முந்திவிட்டது. பொது அறிவுத் தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் எந்தப் பதிப்பைக் கேட்கிறார்கள் என்று கவனியுங்கள்.

இறந்தகாலத்தில் எப்படி எழுதுவது?

மூன்று வடிவமும் 'செட்'தான். 'செட்டெட்' என்று ஒன்று கிடையாது. 'ஐ செட் தி அலாரம்' என்றால் வைக்கிறேன் என்றும் ஆகும், வைத்தேன் என்றும் ஆகும். 'எஸ்டர்டே', 'எவ்ரி டே' போன்ற காலச்சொல்தான் பிரித்துக் காட்டும். படர்க்கை ஒருமையில் மட்டும் வடிவமே காட்டிக்கொடுக்கும்: 'ஷி செட்ஸ்' நிகழ்காலம், 'ஷி செட்' இறந்தகாலம். மின்னஞ்சலில் இந்த ஒரு 'ஸ்' விடுபட்டால் நடக்கிற வேலை முடிந்துபோன வேலையாகிவிடும்.

'செட்டிங்' என எழுதும்போது 'டி' இரட்டிக்கும். தமிழிலும் செட் + ஐ = செட்டை என்றுதான் எழுதுகிறோம். 'தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்' என்று பள்ளியில் படித்த விதி இரண்டு பக்கமும் ஒத்துப்போவதால் மறக்காது.

'புட்' எங்கே, 'செட்' எங்கே?

இரண்டுக்கும் தமிழில் 'வை' என்றே சொல்கிறோம். குழப்பம் அங்கே தொடங்குகிறது. பையை மேசைமேல் வைக்க 'புட்' போதும். ஒரு முறைப்படி, இனி அப்படியே நிற்கட்டும் என்று அமைத்தால் 'செட்'. 'செட் தி டேபிள்' என்றால் சாப்பாட்டு மேசையில் தட்டு, டம்ளர், கரண்டி எல்லாம் எடுத்துவைத்துத் தயார் செய்வது. 'புட் தி டேபிள்' என்று நிறுத்தினால், மேசையை எங்கே வைப்பது என்று எதிரில் இருப்பவர் கேட்பார். அலாரம், தேதி, இலக்கு, விலை, பொறி, முன்னுதாரணம் இவற்றுக்கெல்லாம் 'செட்' மட்டுமே.

'செட் ஆகல' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

எங்களிடம் வரும் கேள்விகளில் இதுதான் முதலிடம். சென்னைத் தமிழில் 'செட் ஆகு' என்பது பொருந்து, ஒத்துவா, கைகூடு என்று மூன்று வேலையும் பார்க்கும் முழுத் தமிழ் வினையாகிவிட்டது. ஆங்கில 'செட்' அந்த வேலைகளைச் செய்வதில்லை. 'தட் ஜாப் இஸ் நாட் செட் ஃபார் மீ' என்று நேர்முகத் தேர்வில் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு விளங்காது.

எது செட் ஆகவில்லை என்பதைப் பொறுத்து ஆங்கிலச் சொல் மாறும். வேலை, ஊர், நேரம் என்றால் 'டஸின்ட் சூட் மீ'. சட்டை அளவு என்றால் 'டஸின்ட் ஃபிட்'. சட்டைக்கும் பேண்டுக்கும் நிறம் ஒத்துவரவில்லை என்றால் 'டஸின்ட் கோ வித்'. சாப்பாடோ தண்ணீரோ உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் 'டஸின்ட் அக்ரீ வித் மீ'. ரூம்மேட்டோடு ஒத்துப்போகவில்லை என்றால் 'வி டோன்ட் கெட் அலாங்'. காதலோ வியாபாரமோ கைகூடவில்லை என்றால் 'இட் டிடின்ட் வொர்க் அவுட்'.

'பெயின்ட் அடிக்க ஆள் செட் பண்ணிட்டேன்' என்பதற்கு 'அரேஞ்ச்' அல்லது 'ஃபைண்ட்'. 'அவன் எங்க செட்டு' என்றால் இங்கே 'பேட்ச்மேட்' என்கிறோம். வெளிநாட்டவரிடம் 'கிளாஸ்மேட்' என்றால் தெளிவாக இருக்கும். 'எல்லாம் செட்' மட்டும் தப்பிக்கிறது: 'ஆல் செட்' ஆங்கிலத்திலும் சரி.

தமிழில் பேசும்போது 'செட் ஆகல' என்பதைத் தவிர்க்க வேண்டியதில்லை. அது தவறான ஆங்கிலம் அல்ல, நம் தெருவில் வளர்ந்த தமிழ்.

'செட்டப்' கெட்ட வார்த்தையா?

இடத்தைப் பொறுத்தது. 'ஆபீஸ் செட்டப்', 'கிச்சன் செட்டப்' என்று முன்னால் ஒரு பெயர் இருந்தால் அமைப்பு என்று மட்டும் பொருள். 'அவருக்கு ஒரு செட்டப் இருக்கு' என்றால் சென்னையில் திருமணத்துக்கு வெளியே உறவு என்று அர்த்தம். 'எல்லாம் செட்டப்பு' என்றால் முன்கூட்டியே திட்டமிட்ட நாடகம். இந்தக் கடைசிப் பொருள் ஆங்கிலத்திலும் உண்டு.

ஆங்கிலத்தில் பிரித்து எழுதும் 'செட் அப்' வினை, சேர்த்து எழுதும் 'செட்டப்' பெயர். 'ஷி செட் அப் எ கம்பெனி' என்றால் நிறுவனம் தொடங்கினார். 'ஷி செட் மீ அப்' என்று அதோடு நிறுத்தினால் என்னைச் சிக்கவைத்தாள் என்று போய்விடும். மேலாளர் உதவியதைப் பாராட்ட நினைத்து இப்படி எழுதிவிடாதீர்கள். அங்கே 'ஹெல்ப்ட் மீ கெட் ஸ்டார்ட்டட்' போதும்.

'செட் ஆஃப்', 'செட் அவுட்', 'செட் இன்' எல்லாம் ஒன்றா?

இல்லை. பயணம் கிளம்புவதற்கு மட்டும் 'ஆஃப்', 'அவுட்' இரண்டும் வரும். 'செட் அவுட்' உடன் ஒரு வினை சேர்ந்தால் நோக்கம் தெரியும்: ஒன்றைச் செய்ய முனைந்தார்கள் என்று. பட்டாசு வெடிப்பது, அலாரத்தைத் தெரியாமல் ஒலிக்கவிடுவது 'செட் ஆஃப்' மட்டும்.

வருமான வரிக் கணக்கில் வரும் 'செட் ஆஃப்' வேறு: ஒரு நஷ்டத்தை ஒரு லாபத்தோடு கழித்துக்கொள்வது. எல்லா நஷ்டத்தையும் எல்லா வருமானத்திலும் கழிக்க முடியாது. உதாரணமாக, நீண்டகால மூலதன நஷ்டத்தை நீண்டகால மூலதன லாபத்தில் மட்டுமே கழிக்கலாம். சம்பளத்தில் கழிக்க முடியாது.

'செட் இன்' வந்து தங்கிவிடுபவற்றுக்கு: மழை, குளிர், தொற்று, சோர்வு. இப்படி வந்து தொடங்குவதற்குப் பெயர்ச்சொல் 'ஆன்செட்'. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் இயல்பான தேதி அக்டோபர் 20 என்று வானிலை அறிக்கையில் வருகிறதே, அங்கே ஆங்கிலத்தில் இந்தச் சொல்தான்.

கோர்ட்டில் 'செட் அசைட்' என்றால் ஒதுக்கிவைப்பதா?

வீட்டுச் செலவில் ஆம். ஸ்கூல் ஃபீஸுக்குப் பணம் எடுத்துவைப்பது. நீதிமன்றத்தில் இல்லை. அங்கே ஓர் உத்தரவை ரத்து செய்வது 'செட் அசைட்'. 'கீழ்க்கோர்ட் ஆர்டரை ஐகோர்ட் செட் அசைட் பண்ணிடுச்சு' என்றால் அந்த உத்தரவு இனி இல்லை. கிடப்பில் போட்டுவிட்டார்கள் என்று புரிந்துகொண்டால் ஆபத்து.

சிவில் வழக்கில் இன்னொன்றும் வரும். பிரதிவாதி ஆஜராகாவிட்டால் அவரை 'செட் எக்ஸ்பார்ட்டி' என்று பதிவு செய்து வழக்கை நடத்துவார்கள். அப்படி ஒருதலையாக வந்த தீர்ப்பை நீக்க, சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 9 விதி 13-ன் கீழ் மனு போட வேண்டும். தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள் கெடு. சம்மன் முறையாகக் கையில் சேரவில்லை என்றால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். கெடு தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் சேர்ந்து போக வேண்டும். ஏன் தாமதம் என்பதற்கு ஆவணம் இல்லாமல் போவதால்தான் பல மனுக்கள் தடுமாறுகின்றன.

வீட்டு பிளானில் 'செட்பேக்' என்கிறார்களே?

பத்திரிகை ஆங்கிலத்தில் 'செட்பேக்' என்றால் பின்னடைவு. கட்டட வேலையில், மனையின் எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய வெற்றிடம். முன், பின், இரண்டு பக்கம் என்று தனித்தனியாகக் கணக்கு உண்டு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 இதைச் சொல்கிறது. சாலை அகலம், கட்டடத்தின் உயரம், பயன்பாடு இவற்றைப் பொறுத்து அளவு மாறும். பக்கத்து வீட்டுக்காரர் விட்ட அளவையே நம் மனைக்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அனுமதி வாங்கும்போது பிளானில் செட்பேக் சரியாகவே இருக்கும். கட்டும்போது அந்த இடத்தில் மாடிப்படியோ பாத்ரூமோ ஏறிவிடும். பிறகு பணி நிறைவுச் சான்று கேட்கும்போது அது விதிமீறலாக வந்து நிற்கும்.

சிமெண்ட் 'செட்' ஆவதும் காய்வதும் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பத்தால் வீடுகள் கெடுகின்றன என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. தண்ணீர் ஆவியாகிப் போவதால் அல்ல. சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் (ஐஎஸ் 269) சொல்வது: தொடக்க இறுக்கம் 30 நிமிடத்துக்கு முன் வரக் கூடாது, முழு இறுக்கம் 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. இந்த நேரத்தைக் கட்டுக்குள் வைக்கத்தான் ஆலையில் ஜிப்சம் சேர்த்து அரைக்கிறார்கள். 'செட்' ஆவது கலவை தன் நெகிழ்வை இழப்பது. பலம் ஏறுவது அதற்குப் பிறகு நாள்கணக்கில் நடக்கிற தனிக்கதை.

இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். டீ டைம் முடிந்து வந்து, இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் தெளித்துக் கிளறுவார்கள். பார்க்க இளகும், பலம் போய்விடும். அந்தக் கலவையைக் கொட்டிவிட வேண்டியதுதான். இன்னொன்று, மறுநாள் கல் போல இருக்கிறதே என்று தண்ணீர் விடுவதை நிறுத்துவது. சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி வகைக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காக்க வேண்டும். சென்னை மே மாத வெயிலில் 10, 14 என்று நாளைக் கூட்டிக்கொள்வது நல்லது. மேலே மெல்லிய வெடிப்புகள் வலைபோல ஓடினால், மேற்பரப்பின் ஈரத்தை வெயிலும் காற்றும் சீக்கிரமே உறிஞ்சிவிட்டன என்று பொருள்.

கப்பில் வரும் 'செட் கர்ட்' என்ன?

உறை ஊற்றிய பாலைக் கப்பிலேயே அடைத்து, அதிலேயே உறையவிட்ட தயிர். கடையாத, அசையாத தயிர் என்பதால் கெட்டியாக வெட்டி எடுக்கலாம். வீட்டில் செய்ய, காய்ச்சிய பாலை விரல் பொறுக்கும் சூட்டுக்கு (40 முதல் 45 டிகிரி செல்சியஸ்) ஆறவிட்டு, ஒரு லிட்டருக்கு ஒரு ஸ்பூன் உறை கலந்து, பரிமாறப்போகும் கிண்ணத்திலேயே ஊற்றிவிடுங்கள். பாதியில் அசைத்தால் கட்டி உடைந்து நீர் பிரியும். பால் மிகச் சூடாக இருந்தால் உறையில் உள்ள நுண்ணுயிர் செத்துப்போகும், தயிர் தோயாது.

கடையில் 'ஒரு செட்' என்றால் எத்தனை?

பூரி, பரோட்டா, சப்பாத்தி என்றால் பொதுவாக இரண்டு. செட் தோசை இரண்டாகவும் வரும், மூன்றாகவும் வரும்; சைதாப்பேட்டை பக்கம் வடகறி சேர்ந்து வந்தால் இன்னும் சிறப்பு. எங்கும் ஒரே எண்ணிக்கை என்று விதி இல்லாததால் விலையைப் பார்ப்பதற்கு முன் எண்ணிக்கையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மைக் செட் என்றால் ஆம்ப்ளிஃபயர், மைக், ஸ்பீக்கர், வயர் எல்லாம் சேர்த்து. பம்ப் செட் என்றால் மோட்டாரும் பம்பும். பல் செட் என்றால் கழற்றி மாட்டும் செயற்கைப் பல் வரிசை. மேல் செட், கீழ் செட் என்று தனித்தனியாகவும் சொல்வார்கள்.

பைக்குக்கு செயின் மட்டும் மாற்றினால் போதாதா? ஏன் 'செயின் செட்' என்கிறார்கள்?

செயின், முன் ஸ்ப்ராக்கெட் (பற்சக்கரம்), பின் ஸ்ப்ராக்கெட் மூன்றும் சேர்ந்தது செயின் செட். ஓட ஓட செயினின் 'பின்' என்ற இணைப்பு ஊசிகளும் அவற்றைச் சுற்றிய புஷ்ஷும் தேய்ந்து அது நீளும். நீண்ட செயினுக்கு ஏற்றபடி பற்களும் கொக்கிபோல வளைந்து தேயும். அந்தப் பழைய பற்களில் புதுச் செயினை மாட்டினால், பல்லுக்கும் செயினுக்கும் இடைவெளி ஒத்துவராமல் புதுச் செயினும் சீக்கிரமே கெடும். அதனால்தான் ஒரு செட்டாக மாற்றச் சொல்கிறார்கள். இது விற்பனைத் தந்திரம் இல்லை.

ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ வாங்கப் போகும்போது வண்டி மாடல், ஆண்டு, இரண்டு ஸ்ப்ராக்கெட்டின் பல் எண்ணிக்கை, செயினின் அளவு எண், எத்தனை லிங்க் என்று குறித்துக்கொண்டு போங்கள். 428 என்ற எண் இருந்தால் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு 12.7 மில்லிமீட்டர். 520 வகை 15.875 மில்லிமீட்டர், ஒன்று மற்றதன் பல்லில் உட்காராது.

'கோன் செட்' ஹேண்டில்பாரின் கழுத்தில் இருக்கும் பேரிங் தொகுதி. வண்டியை நேராக ஓட்டும்போது ஹேண்டில் நடுவில் கவ்விப் பிடித்தாற்போல் நின்றால் கோன் செட் பள்ளம் விழுந்துவிட்டது. குண்டு மட்டும் மாற்றிப் பயன் இல்லை. பள்ளம் இருப்பது கிண்ணத்தில்.

'செட்டாப் பாக்ஸ்' ஏன் அந்தப் பெயர்?

பல பாகங்கள் சேர்ந்த கருவி என்பதால் ரேடியோ செட், டிவி செட் என்றார்கள். அந்தச் செட்டின் தலைமேல் வைக்கும் பெட்டி இது. படக்குழாய் டிவிக்கு மேல்பக்கம் இடம் இருந்தது. இன்றைய தட்டை டிவியில் இல்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. கட்டணச் சேனலுக்குப் பெட்டி வைக்க வேண்டும் என்ற முறை 2003 செப்டம்பரில் சென்னையில் நடைமுறைக்கு வந்தது. மற்ற பெருநகரங்களில் அப்போது அது நிலைக்கவில்லை.

சினிமா செட்டில் 'இன்' வருமா, 'ஆன்' வருமா?

'ஆன் தி செட்' அல்லது 'ஆன் செட்'. கோடம்பாக்கத்தில் செட் போட்டுப் பிரிப்பார்கள். செட் போடும் பெரிய கூடத்துக்கு ஃப்ளோர் என்று பெயர்.

டென்னிஸ் செட்டும் வாலிபால் செட்டும்?

டென்னிஸில் ஒரு செட்டை வெல்ல 6 கேம் வேண்டும். 2 கேம் முன்னிலையும் வேண்டும். 6-6 ஆனால் டைபிரேக். வாலிபாலில் ஒரு செட் 25 புள்ளி, ஐந்தாவது செட் மட்டும் 15. அங்கும் 2 புள்ளி முன்னிலை தேவை. வாலிபாலில் 'செட்' வினையாகவும் வரும்: ஸ்மாஷ் அடிக்கத் தோதாகப் பந்தை வலைக்கு மேலே தூக்கிக் கொடுப்பது. அதைச் செய்பவர் செட்டர்.

கணக்குப் பாடத்தில் வரும் செட்?

தமிழ்வழியில் அது கணம். ஒன்பதாம் வகுப்பில் 'கண மொழி' என்ற பாடம் உண்டு. வெற்றுக்கணம், உட்கணம், அடுக்குக் கணம் எல்லாம் அங்கே. கடையின் ஒரு செட்டில் ஒரே மாதிரி இரண்டு பூரி இருக்கும். கணத்தில் 2 என்ற எண்ணை எத்தனை முறை எழுதினாலும் அது ஓர் உறுப்புதான். வரிசைக்கும் மதிப்பு இல்லை.

பைத்தான் என்ற கோடிங் மொழியில் உள்ள செட் அதே இலக்கணத்தைப் பின்பற்றுகிறது. பட்டியலில் மீண்டும் மீண்டும் வருவதை நீக்க அது வசதி. ஆனால் பழைய வரிசை அப்படியே இருக்கும் என்று நம்பக் கூடாது. புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. வெறும் நெளிவு அடைப்புக்குறி போட்டால் காலி செட் கிடைக்காது, காலி டிக்ஷனரிதான் கிடைக்கும். செட் என்று எழுதி வெறும் வளைவு அடைப்புக்குறி போட வேண்டும். செட்டுக்குள் ஒரு லிஸ்ட்டை உறுப்பாக வைத்தால் டைப் எரர் வரும். டியூபிள் (மாற்ற முடியாத பட்டியல்) ஆக்கி வைக்கலாம், அதற்குள்ளும் லிஸ்ட் இல்லாதவரை.

உச்சரிப்பில் கவனிக்க வேண்டியது?

தமிழ்ச் சொற்கள் 'ட்' என்ற ஒலியில் முடிவதில்லை. அதனால் பேச்சில் 'செட்டு' ஆகிறது. தமிழில் அது இயல்பு. ஆங்கிலத்தில் பேசும்போது கடைசி உகரத்தை விட்டுவிடுங்கள். நாக்கை மேலே மடிக்காமல், நுனியை மேல் பல்லுக்குப் பின்னாலுள்ள ஈறு மேட்டில் தொட்டு நிறுத்தினால் ஆங்கில ஒலி வரும். 'சேட்' போல நீட்டினாலும் வாயை அகலத் திறந்தாலும் வேறு சொல்லாகிவிடும். வாயை அகலத் திறந்து சொல்வது 'உட்கார்ந்தான்' என்ற பொருள் தரும் சொல்.

டிஎன்செட் தேர்வுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இல்லை. அது மாநிலத் தகுதித் தேர்வு என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கான தகுதித் தேர்வு.